கல்வெட்டுச் சேர்த்த கலாநிதி

மீனலோசனி லண்டனில் கலாநிதிப் பட்டம் வாங்கிக்கொண்டு புங்குடுதீவு இறுப்பிட்டிக்குத் திரும்பி வந்த கிழமையே, அவளுடைய தகப்பன் சரவணமுத்தர் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்: "மகள் கம்பசில லெக்சரர்." அப்போது அவள் எந்த வேலைக்கும் விண்ணப்பம்கூடப் போட்டிருக்கவில்லை. அது சரவணமுத்தருக்கு ஒரு பொருட்டே இல்லை. தெற்கே மாத்தறையில் வருசக்கணக்காகச் சுருட்டுக்கடை நடத்தியவர். சரக்கு வந்து இறங்குவதற்கு முன்னமே விற்று முடித்துப் பழகிய மனுசன்.

அந்தக் கடை ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரத்தில் எரிந்துபோனது. உடுத்த வேட்டியோடு வந்து சேர்ந்தார். பிறகு மூத்தவன் சிவகுரு கொழும்பில் சின்னதாக ஒரு கடை போட்டுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினான். சரவணமுத்தர் மறுபடி கல்லாவில் உட்காரவே இல்லை. மீனலோசனிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த வருசம் புங்குடுதீவில் எத்தனை வீட்டுக்கு எத்தனை பேர் எந்தெந்த ஊரிலிருந்து இப்படி வெறுங்கையோடு வந்தார்கள் என்று அவள் கேட்டாள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்வதில் வெட்கப்படுவாரையும் காணவில்லை. அந்த ஆத்திரம் அவளை விடவே இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பிறகு லண்டனிலும் அவள் படித்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியைத்தான்: தீவார் எப்போது, எப்படி, எந்த வழியாகத் தெற்கே போய்க் கடை போட்டார்கள்?

அரசாங்கத்துக் கடுதாசிகளில் கச்சேரியில் வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரைமாரின் சுகதுக்கம் எல்லாம் இருந்தது. சுருட்டு விற்றவனைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசியில் அவளுக்குக் கைகொடுத்தவை தாய் செல்லாச்சியின் பெட்டகத்துக்குள் கிடந்த ஐந்தாறு கல்வெட்டுகள். இது கல்லில் வெட்டுகிற கல்வெட்டு இல்லை. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள், வீட்டுக்காரர் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுக்கும் மெல்லிய புத்தகம். செத்தவரின் வம்சம், பிள்ளைகள், அவர்கள் செய்யும் தொழில், கடை வைத்த ஊர், கண்மூடிய திதி எல்லாம் அதில் பாட்டாகக் கிடக்கும். சபையில் ஒருவர் இராகம் போட்டு அதைப் படிப்பார். எல்லாரும் கேட்பார்கள், ஆளுக்கொன்று வாங்குவார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கேயோ செருகுவார்கள். கறையான் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

லண்டனில் அவளுக்கு வேண்டியதை எடுத்துத் தந்த நூலகர் தாமும் ஒரு கலாநிதி. வகுப்பு எடுப்பதில்லை. ஆனால் வகுப்பு எடுக்கிறவர்கள் எல்லாரும் முதலில் அவருடைய மேசைக்குத்தான் வந்தார்கள். ஒரு புத்தகம் கேட்டால், "எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறீர்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்க ஆராய்ச்சி என்றால் என்னவென்று பட்டுத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த மேசையில் ஆளில்லை என்பது மீனலோசனிக்கு உறைத்தது. அங்கே தான் போய் உட்காருவது என்று அவள் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

யாழ்ப்பாணத்தில் புதிதாகப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியிருந்த காலம் அது. வரலாற்றுக்கு விரிவுரையாளர் வேலையும் நூலகத்துக்கு உதவி நூலகர் வேலையும் ஒன்றாகவே விளம்பரமாயின. அவள் இரண்டாவதற்கு மட்டும் போட்டாள். நேர்முகத்தில் இருந்த பெரியவர் ஒருவர் அவளுடைய பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீர் பிழையான வேலைக்குப் போட்டிட்டீர் போல."

"இல்லை சேர். தெரிஞ்சுதான் போட்டனான்."

"இஞ்சை வந்து கொஞ்ச நாள் இருந்திட்டு அங்கால பாய்ஞ்சிடுவீர். பிறகு நாங்கள் ஆளுக்கு எங்கை போறது?"

"பாயிற எண்ணம் இருந்தா நேரா அங்கையே போயிருப்பன். சுத்திப் போவனோ?"

மற்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. வேலை கிடைத்தது. ஆனால் தகுதிகாண் காலம் முடிகிறபோது, கலாநிதிப் பட்டம் வைத்திருக்கிற ஒருவர் நூலகத்துக்கு என்னத்துக்குத் தேவை என்று அவள் காட்ட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். காட்டத்தானே வந்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள்.

சரவணமுத்தர் கேட்டவுடன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டார். "புத்தகம் அடுக்கவோ லண்டன் போனனீ?"

"அடுக்கிறதுக்கு முதல் எதை எடுத்து வைக்கவேணும் எண்டு தெரியவேணும் ஐயா. அதுக்குத்தான் போனனான்."

அவர் எழும்பிக் கை கழுவினார். பின்னேரம் சந்திக்குப் போனவர், வாசகசாலையடியில் யாரோ விசாரிக்க, "ஓம், கம்பசில படிப்பிக்கிறா" என்று கூசாமல் சொன்னார். பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற மீனலோசனியின் காதில் அது தெளிவாக விழுந்தது. அன்றிலிருந்து அந்தப் பொய் அவள் போகும் இடமெல்லாம் அவளுக்கு முன்னே போய் நின்றது. கோயிலில் பிள்ளைகளின் சோதனைப் பெறுபேற்றைக் கொண்டு வந்து காட்டுவார்கள். "நான் படிப்பிக்கிறேல்லை, நான் லைபிரேறியன்" என்று அவள் சொல்லுவாள். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "உங்கட வகுப்பில எத்தினை பிள்ளையள்?" என்று கேட்பார்கள். அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். தன் வேலையை, தன் ஊர், தன் வாயால், அதன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதைவிட அவள் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை.

நூலகத்தில் அவள் முதலில் தொடங்கிய வேலை கல்வெட்டுச் சேர்ப்பது. தீவுகளில் எந்த வீட்டில் எது இருக்கும் என்று விசாரித்து, சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போனாள். எடுத்த எடுப்பில் நாலைந்து கிடைத்தன. அந்தத் தெம்பில்தான் இலட்சுமிப்பிள்ளை வீட்டுக்குப் போனாள்.

இலட்சுமிப்பிள்ளை தூரத்துச் சொந்தம். அவளுடைய மாமனார் காலி நகரத்தில் பெரிய கடை வைத்திருந்தவர். சொந்தக்காரி என்ற உரிமையில் மீனலோசனி முன் வாசற்படலையால் போகாமல், பின் ஒழுங்கையால் நேரே குசினி அடுப்படிக்குப் போனாள். முன்பக்கம் போயிருந்தால் நிறைகுடத்தையும் மாவிலையையும் கண்டிருப்பாள். குசினியில் நிறையப் பெண்கள் பலகாரத் தட்டுகளோடு நின்றார்கள். ஏதோ விசேசம் என்று பட்டது. என்ன விசேசம் என்று கேட்கிற புத்தி மட்டும் வரவில்லை.

"மாமி, உங்கட மாமாவின்ர கல்வெட்டு ஒண்டு இருக்காம். அதை வாங்கத்தான் வந்தனான்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படியாக.

உள்ளே இலட்சுமிப்பிள்ளையின் மகனுக்குப் பொன்னுருக்கல் நடந்துகொண்டிருந்தது. தாலிக்குப் பவுணை உருக்குகிற நேரம். அந்த நேரத்தில் தும்மினாலே முகம் சுளிக்கிற ஊரில், அவள் சாவுப் புத்தகம் கேட்டுக்கொண்டு நின்றாள். போதாக்குறைக்கு அன்றைக்குப் பவுண் ஒழுங்காகத் திரளவில்லை. தட்டார் இரண்டாந்தரம் உருக்க வேண்டி வந்தது. இலட்சுமிப்பிள்ளை அவளுடைய கையைப் பிடித்துப் படலைக்கு வெளியே கொண்டுவந்து விட்டாள்.

"படிச்சனீ எண்டினம். உதுவோடி படிச்சனீ? இனி என்ர வளவுக்கை கால் வையாதை!"

பிழை அவளுடையதுதான். சுண்டைக்காய்ப் பிள்ளைக்கும் தெரிந்த முறை அது. வெளிநாட்டில் இருந்து மறந்துவிட்டேன் என்று சாட்டுச் சொல்ல அவளுக்கே மனம் வரவில்லை. சேர்க்கிற வெறியில் அவள் வீடுகளைப் பார்த்தாளே தவிர, வீட்டுக்குள் இருக்கிறவர்களைப் பார்க்கவில்லை.

கதை அன்றைக்கே மண்கும்பான் தாண்டிப் போய்விட்டது. "சாவுப் புத்தகக்காரி" என்று பெயர் வைத்தார்கள். அடுத்த சனிக்கிழமை அவள் தட்டிய படலை ஒன்றும் திறக்கவில்லை. பேசி வைத்திருந்த வேலணைச் சம்பந்தமும் ஓசைப்படாமல் கழன்றுகொண்டது. சரவணமுத்தர் மகளோடு பேசுவதையே விட்டார். ஆனால் வெளியில் "லெக்சரர்" என்று சொல்வதை மட்டும் விடவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

வளாகத்திலும் கதை வந்து சேர்ந்தது. வரலாற்றுத் துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டு, நல்லெண்ணத்தோடுதான், கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"எங்களிட்டை ஒரு இடம் காலியாகுது. நீர் ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். உந்தச் செத்தவீட்டுப் புத்தகங்களோட ஏன் மாரடிக்கிறீர்?"

ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொன்னால் தகப்பனுடைய பொய் மெய்யாகிவிடும். வீட்டில் பேச்சுத் திரும்பும், கழன்ற சம்பந்தம்கூடத் திரும்பி வரலாம். ஆசை இல்லாமல் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்த நிமிசத்தில் ஆசை நன்றாகவே வந்தது.

"நான் அங்கை வந்தா என்ர ஒரு கேள்வியைத்தான் கொண்டு திரிவன் சேர். இஞ்சை இருந்தா எல்லாற்ற கேள்விக்கும் ஆள் நான். எனக்கு இது போதும்" என்றாள்.

"பிறகு கவலைப்படுவீர்."

"பட்டா நான்தானே படுறன்."

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், பண்ணைப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்க, அவள் தன் பிழையையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டு போனாள். கல்வெட்டு என்பது கேட்டு வாங்குகிற சாமானே இல்லை. அது கொடுக்கப்படுகிற சாமான். முப்பத்தோராம் நாள் அந்த வீட்டுக்கு வந்து, இருந்து, சாப்பிட்ட ஒவ்வொருவருக்கும் அது உரிமையாகக் கிடைக்கிறது. நல்லநாள் பெருநாளில் படலையைத் தட்டிச் சாவைக் கேட்பதை விட்டுவிட்டு, சாவு வீட்டுக்கு மனுசியாகப் போனால் என்ன? இந்த வழி தனக்கு முதலே தோன்றாததை நினைத்து அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அதன்பிறகு தீவுப்பகுதியில் அவள் போகாத முப்பத்தோராம் நாள் இல்லை. வேலணை, ஊர்காவற்றுறை, குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு, கடல் கொந்தளிக்கிற மாசத்திலும் நெடுந்தீவு. முகம் தெரியாத வீடுகளிலும் பாயில் இருந்தாள். குசினிக்குள் போய்க் காய் வெட்டிக் கொடுத்தாள். படிப்பதைக் கடைசி வரி வரை கேட்டாள். மற்றவர்களைப் போலத் தனக்கும் ஒன்று கையில் கிடைக்கும்வரை காத்திருந்தாள், வாயால் கேட்கவில்லை. முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் பேச்சு எப்படியும் பழைய சாவுகளுக்குப் போகும். "எங்கட பெரியப்பற்றை ஒண்டு பரணுக்கை கிடக்கு, உமக்கு உதவுமே?" என்று அவர்களே கேட்பார்கள். அந்த நாளில் அதை எடுத்துக் கொடுப்பதில் ஒரு குறையும் இல்லையே. அலுமாரிக்குள் ஊர் ஊராகத் தட்டுகள் நிறைந்தன.

இலட்சுமிப்பிள்ளையின் புருசன் காலமானபோது, போகத்தான் வேண்டுமா என்று செல்லாச்சி கேட்டாள். மீனலோசனி போனாள், இந்தமுறை முன் படலையால். வளவுக்குள் கால் வையாதே என்றவள் அவளைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தாள். மகனுக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகள் பிறந்து குடும்பம் நன்றாகத்தான் நடந்தது. பவுணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மீனலோசனி வெளிக்கிடும்போது இலட்சுமிப்பிள்ளை மாமனாருடைய கல்வெட்டைத் துணியில் சுற்றிக் கையில் தந்தாள்.

அந்த வருசம் புவியியல் விரிவுரையாளர் அரியநாயகம் நூலகத்துக்கு வந்து, தீவாரின் கடைகள் கரையோரத்து ஊர்களிலிருந்து மலைநாட்டுப் பக்கம் எப்போது நகர்ந்தன என்று அறிய ஏதாவது புத்தகம் உண்டா என்று கேட்டார். புத்தகம் இல்லை என்றாள். ஏன் அதைத் தேடுகிறார் என்று விசாரித்தாள். பிறகு ஒரு மேசை நிறையக் கல்வெட்டுகளைப் பரப்பி, செத்தவர் எந்த ஊரில் கடை வைத்தார், மகன் எந்த ஊரில் வைத்தான், மருமகன் எங்கே போனான் என்று மூன்று தலைமுறையாகப் பார்க்கும் விதத்தைக் காட்டினாள். பாட்டில் புலவர்கள் எந்த இடத்தில் கொஞ்சம் ஊதிப் பெருப்பிப்பார்கள், எந்த இடத்தை நம்பலாம் என்றும் சொன்னாள். அரியநாயகம் மத்தியானச் சாப்பாட்டை மறந்துபோனார்.

"இதை நீரே எழுதலாமே!"

"நீங்கள் எழுதுங்கோ. நாளைக்கு வேற ஒராள் வேற கேள்வியோட வரும். அதுக்கு நான் இஞ்சை இருக்கவேணும்."

தகுதிகாண் விசயமாகக் கூட்டம் கூடியபோது அரியநாயகம் தானாகவே ஒரு கடிதம் கொடுத்தார். வரலாற்றுத் துறைத் தலைவர், இந்த மேசையில் கலாநிதி ஒருவர் இருப்பது தன் மாணவர்களுக்குத்தான் முதல் இலாபம் என்று சொன்னார். கல்வெட்டுகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி அவளையே பொறுப்பாக்கினார்கள். வேலையும் நிரந்தரமானது. செய்தியை வீட்டில் சொன்னாள். சரவணமுத்தர் கேட்டும் கேளாதவர் மாதிரிச் செருப்பை மாட்டிக்கொண்டு சந்திக்குப் போனார். போய் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியாதா?

எண்பதாம் ஆண்டு பங்குனியில் சரவணமுத்தர் இரண்டு நாள் நெஞ்சு நோவோடு கிடந்து போய்ச் சேர்ந்தார். தகப்பனும் மகளும் கடைசிவரை அந்தப் பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிவகுரு கொழும்பிலிருந்து வந்து எல்லாவற்றையும் முன்னின்று செய்தான். கல்வெட்டு எழுதப் புலவர் ஐயாத்துரையிடம் சொன்னார்கள். பாட்டு எழுதி வந்தது. நல்ல பாட்டு. அதில் பிள்ளைகளைச் சொல்லும் இடத்தில், "விரிவுரைஞராய் விளங்கு மீனலோசனி" என்று இருந்தது. ஊர் வாயில் இருந்ததைத்தானே புலவர் எழுதுவார்?

மீனலோசனி பேனையை எடுத்து அதை வெட்டி, "நூலகர்" என்று எழுதினாள்.

"விடு பிள்ளை" என்றான் சிவகுரு. "ஐயா ஊருக்கெல்லாம் சொன்னதை, அவற்ற முப்பத்தோராம் நாள், சபையில வைச்சு இல்லையெண்டு படிக்கிறதோ? செத்த மனிசனைப் பொய்யனாக்கப் போறியோ?"

"அண்ணை, இதில ஒண்டு என்ர அலுமாரிக்குள்ள போகப்போகுது. பொய் எண்டு தெரிஞ்சுகொண்டு என்ர கையால அதை வைக்க என்னால ஏலாது. இன்னும் அம்பது வருசத்தில ஒரு பிள்ளை வந்து அதை நம்பும்."

"ஒரு சொல்லுத்தானே!"

"ஓம். என்ர சொல்லு."

சண்டை முற்றி, புலவர் நடுவில் அகப்பட்டு முழிசினார். மூலையில் இருந்த செல்லாச்சி, இத்தனை வருசமும் இந்த விசயத்தில் புருசன் பக்கமும் மகள் பக்கமும் ஒரு சொல் பேசாதவள், எழும்பி வந்தாள்.

"சிவகுரு, அவள் செய்யிற வேலையைப் போடு. அவள் களவெடுக்கேல்லையே."

அதோடு முடிந்தது. புலவர் சீரைச் சரிக்கட்டுகிறேன் என்று கடதாசியை மடித்துக்கொண்டு போனார்.

முப்பத்தோராம் நாள் வளவு நிறையச் சனம். இறுப்பிட்டியில் கல்வெட்டுப் படிக்கிறவர் வல்லிபுரம். சரவணமுத்தரோடு நாள் தவறாமல் சந்தியில் இருந்து கதைத்தவர். கண்ணாடியைப் போட்டு, தொண்டையைச் செருமி, இராகம் எடுத்தார். வம்சம் வந்தது, மாத்தறை வந்தது, கடை வந்தது. பிள்ளைகள் வரும் இடம் நெருங்கியது. தகப்பனை இத்தனை பேர் முன்னால் காட்டிக்கொடுக்கிறோம் என்ற எண்ணம் அப்போதுதான் மீனலோசனியை முழுதாகப் பிடித்தது. மாற்றியது சரிதான். சரியென்றாலும், அவருடைய நாள் அது.

வல்லிபுரம் "நூலகர்" என்று படித்தார். ஒரு தலையும் திரும்பவில்லை. ஒரு முணுமுணுப்பு இல்லை. அவர் பாட்டுக்கு அடுத்த அடிக்குப் போனார்.

பந்தி முடிந்து சனம் கலைகிறபோது அவள் அவரிடம் போனாள். "அம்மான், ஐயா உங்களுக்குச் சொல்லியிருப்பார், நான்..."

"லெக்சரர் எண்டதோ?" வல்லிபுரம் சிரித்தார். "ஏன் பிள்ளை, ஊரில ஒரு முப்பத்தொண்டு விடாமல் வந்து கல்வெட்டு வாங்கிக்கொண்டு போறாய். எந்த லெக்சரர் இதுக்கு அலையிறா? எங்களுக்கு மூளை இல்லையோ? உன்ர வேலை என்னவெண்டு எங்களுக்கு எப்பவோ தெரியும்."

"பிறகேன் அம்மான் ஒருத்தரும் அவருக்குச் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? கையில இருந்ததெல்லாத்தையும் பறிகுடுத்திட்டு வந்து இருந்த மனிசன். சந்திக்கு வந்தா எல்லாரும் ஏதோ ஒண்டைச் சொல்லிக்கொள்ளுவினம். அவருக்கும் சொல்லிக்கொள்ள ஒண்டு வேணுமெல்லோ? அவர் சொன்னார், நாங்கள் ஓமெண்டு கேட்டுக்கொண்டிருந்தனாங்கள்."

இத்தனை வருசமும் மீனலோசனி அந்தப் பொய்யைத் தன்மேல் விழுந்த அவமானம் என்று மட்டுமே பார்த்திருந்தாள். ஐம்பத்தெட்டில் வெறுங்கையோடு வந்தவர்களைத் தேடிக் கடல் கடந்து படித்தவள், அப்படி வந்த ஒருவர் தன் வீட்டிலேயே சோறு தின்றுகொண்டிருந்ததைக் காணவில்லை.

"அப்ப நான் மாத்தினது பிழையோ?"

"ஆர் சொன்னது? உயிரோட இருக்கேக்கை அவருக்கு அது தேவைப்பட்டது. இனி என்னத்துக்கு?" என்றார் வல்லிபுரம். தன் பங்குக் கல்வெட்டை மடியில் செருகிக்கொண்டு படலைப் பக்கம் நடந்தார்.

செத்தவீட்டன்றும் அழாதவள், எட்டாம் நாளும் அழாதவள், வெறும் பந்தலுக்குள் நின்று சத்தம் வைத்து அழுதாள். சிவகுரு ஓடிவந்தான். செல்லாச்சி அவனைத் தடுத்தாள். அடுத்த நாள் காலைப் பஸ்ஸில் மீனலோசனி வேலைக்குப் போனாள்.